பரணில் ஏற்றிய ஃபிகர் ஏன் பிசுபிசுக்கிறது?

கேள்வி இது: "மதுரை வில்லாபுரத்தில் மேல்மாடி வீடு. ஸ்டார் வார்ஸ், மார்வெல், ஏலியன் என்று 40 ஆக்‌ஷன் ஃபிகர், அதாவது கைகால் அசையும் பிளாஸ்டிக் பொம்மை, சேர்ந்திருக்கிறது. இடமில்லாமல் ஒரு வருடம் கொலுப் பெட்டிகளோடு பரணில் வைத்திருந்தேன். இறக்கிப் பார்த்தால் பாதி பிசுபிசுக்கிறது. ஒன்றின் முதுகில் செய்தித்தாள் எழுத்து பதிந்திருக்கிறது. ஒன்றைத் திருப்பும்போது முழங்கால் ஒடிந்துவிட்டது. அண்ணனின் பழைய ஜி.ஐ. ஜோ ராணுவ வீரர் பொம்மைகள் நான்கும் இடுப்பு கழன்று கிடக்கின்றன. எதைக் காப்பாற்றலாம், எங்கே வைக்கலாம், இனி எதை வாங்கலாம்?"

முதலில் ஆறுதலான செய்தி: நீங்கள் சொன்னதில் ஏறக்குறைய எல்லாமே சரிசெய்யக்கூடியவை. தப்பு எங்கே நடந்தது என்றால், கொலு பொம்மைக்குச் சரியான முறையை பிளாஸ்டிக் ஃபிகருக்குச் செய்துவிட்டீர்கள். விளாச்சேரி மண் பொம்மையைச் செய்தித்தாளில் சுற்றி, அந்துருண்டை போட்டு, பெட்டியை மூடிப் பரணில் ஏற்றினால் அடுத்த நவராத்திரிக்கு அப்படியே இறங்கும். சுட்ட மண்ணுக்கும் காகிதக்கூழுக்கும் ஈரம்தான் எதிரி, சூடு இல்லை. ஃபிகருக்குச் சூடும் அடைத்த காற்றும் எதிரி. மேல்மாடிப் பரணில் இரண்டும் உண்டு. சித்திரை, வைகாசியில் மதுரையில் பகல் 40 டிகிரியைத் தொடும். அந்தச் சூட்டைக் குடித்த கான்கிரீட் தளம் இரவு முழுக்க அதைக் கீழே இறக்கிக்கொண்டே இருக்கும். அதற்கு நேர் கீழேதான் பரண்.

பிசுபிசுப்புக்குக் காரணம் அழுக்கு இல்லை. இன்றைய ஃபிகர்களில் முகம், கை, அங்கி, கேப் போன்றவை பெரும்பாலும் மென்மையான பிவிசி. அது வளைய வேண்டும் என்பதற்காக அதில் ஒரு எண்ணெய்ப் பொருளைக் கலக்கிறார்கள். அதற்கு பிளாஸ்டிசைசர் என்று பெயர். அது பிளாஸ்டிக்கோடு வேதியியலாகப் பிணைந்திருப்பதில்லை, உள்ளே தங்கியிருக்கிறது, அவ்வளவுதான். சூடானால் மேற்பரப்புக்கு வரும். திறந்த இடமென்றால் மெல்ல ஆவியாகிப் போய்விடும். மூடிய பெட்டியென்றால் போக வழியில்லாமல் மேலேயே படிந்து ஒட்டும். அதனால்தான் பெட்டியைப் பிரிக்காமல் 'மின்ட்' (புத்தம்புது) நிலையில் வைத்த ஃபிகரே சில நேரம் அதிகமாகப் பிசுபிசுக்கும். செய்தித்தாள் மை பதிந்ததற்கும் அதே எண்ணெய்தான் காரணம்: மையைக் கரைத்து உள்ளே இழுத்துக்கொள்ளும்.

கழுவும் முறை: ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் டிஷ்வாஷ் லிக்விட். ஃபிகரை 10 நிமிடம் ஊறவிட்டு, குழந்தைகளுக்கான மென்மையான பல்துலக்கியால் தேயுங்கள். பெயின்ட் உள்ள இடத்தில், குறிப்பாக வெள்ளி, தங்க நிறங்களில், விரலால் மட்டும். இங்கே மதுரைக்கே உரிய ஒரு எச்சரிக்கை: போர் தண்ணீர் உப்பு. அதிலேயே அலசி விட்டால் கறுப்பு உடையில் வெள்ளைத் திட்டு நிற்கும். கடைசி அலசல் மட்டும் ஆர்ஓ தண்ணீரிலோ கேன் தண்ணீரிலோ இருக்கட்டும். பிறகு நன்றாக உதறி, ஃபேன் காற்றில், நிழலில் 24 மணி நேரம். ஜாயின்ட்டுக்குள் தண்ணீர் தங்கும், அவசரப்படாதீர்கள். துணி உடை, பேட்டரி, விளக்கு உள்ளவற்றை ஊறவைக்கக் கூடாது. ஈரத் துணியால் துடைத்தால் போதும். சில வாரங்களில் பிசுபிசுப்பு திரும்பவும் வரலாம். திரும்பக் கழுவுங்கள். பவுடர் தூவுகிற பழக்கம் உண்டு. அது ஒட்டலை மறைக்கும், கொஞ்ச நாளில் மாவுக் குழம்பாகி மடிப்புகளில் படியும். ஆல்கஹால் பெயின்ட்டை எடுத்துவிடும். நெயில் பாலிஷ் ரிமூவரில் உள்ள அசிட்டோன் ஏபிஎஸ் என்ற கெட்டியான பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும். இரண்டும் வேண்டாம்.

பதிந்த மைக்கு சோப்பு உதவாது, ஏனென்றால் அது மேலே இல்லை. மருந்துக்கடையில் முகப்பருவுக்கு விற்கும் பென்சாயில் பெராக்சைடு ஜெல்லைக் கறை மேல் மட்டும் தடவி, அது காயாமலிருக்கச் சமையலறை கிளிங் ஃபிலிமால் மூடி, காலை 8 மணியிலிருந்து 10 மணி வரை இளவெயிலில் வையுங்கள். கழுவிவிட்டு அடுத்த நாள் மறுபடியும். நான்கைந்து நாளில் மங்கும். இது வெளுக்க வைக்கும் பொருள். வெள்ளை, தோல் நிறம் போன்ற பெயின்ட் அடிக்காத பிவிசியில் மட்டுமே செய்யலாம். சிவப்பு, நீல உடையில் தடவினால் கறையோடு நிறமும் போகும். உச்சி வெயிலில் வைத்தால் ஃபிகரே வளைந்துவிடும்.

ஒடிந்த முழங்காலுக்கு வருவோம். புது ஃபிகரோ, நாள்பட வைத்த ஃபிகரோ, ஜாயின்ட்டில் பெயின்ட் ஒட்டிப் பிடித்திருக்கும். பிடித்திருப்பதைத் திருகினால் சுற்ற வேண்டிய ஆணி சுற்றாமல் முறுக்கிக்கொண்டு ஒடிகிறது. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் செய்த ஆணி இன்னும் எளிதாக ஒடியும். எனவே, இறுக்கமாக இருந்தால் முதலில் வெந்நீர். தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி இரண்டு மூன்று நிமிடம் ஆறவிட்டால் 80 டிகிரி பக்கத்தில் இருக்கும். அந்த ஜாயின்ட் மட்டும் மூழ்கும்படி 30 முதல் 60 விநாடி பிடித்து, வெளியே எடுத்து, மேலும் கீழும் சிறிது சிறிதாக அசையுங்கள். ஒரே திசையில் முழுச் சுற்று சுற்றாதீர்கள். அசையத் தொடங்கியதும் ஒரு சொட்டு சிலிகான் ஆயில். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், துரு நீக்கும் ஸ்பிரே எதுவும் பிளாஸ்டிக்குக்கு ஆகாது. வளைந்த வாள், துப்பாக்கிக்கும் இதே வெந்நீர்தான்: 20 விநாடி, நிமிர்த்திப் பிடி, உடனே ஐஸ் தண்ணீர். நிமிர்ந்த வடிவம் அப்படியே நிற்கும்.

ஏற்கெனவே ஒடிந்ததை வெறும் ஃபெவிக்விக்கால் ஒட்டினால் நிற்காது; ஒட்டும் பரப்பு 2, 3 மில்லிமீட்டர்தான், எடை முழுவதும் அதில் விழும். உள்ளே கம்பி வேண்டும். இரண்டு முனையிலும் நடுவில் 1 மில்லிமீட்டர் துளை, 4 முதல் 5 மில்லிமீட்டர் ஆழம். கையால் சுற்றும் சின்ன துரப்பணமே நல்லது. மின்சார டிரில் வேகத்தில் பிளாஸ்டிக் உருகிப் பிட்டில் சுற்றிக்கொள்ளும். கைத் துரப்பணம் நகைப் பட்டறையில் புழங்கும் கருவி, அதனால் தெற்கு ஆவணி மூல வீதி நகைக்கடைப் பகுதியில் விசாரித்தால் வழி கிடைக்கும். துளையில் 1 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியைச் செருகி, ஊசி முனையால் பசை வைத்து ஒட்டுங்கள். அந்த ஜாயின்ட் இனிச் சுற்றாது, ஆனால் ஃபிகர் நிற்கும். பசையின் ஆவி பக்கத்துப் பரப்பில் வெள்ளையாகப் படியும். கண்ணாடி போன்ற ஹெல்மெட், முகமூடி பக்கத்தில் இருந்தால் கழற்றி வைத்துவிட்டு ஒட்டுங்கள். இதற்கு நேர்மாறான சிக்கல் தளர்ந்த ஜாயின்ட். உருண்டை ஜாயின்ட்டைக் கழற்றி, உருண்டையின் மேல் மட்டும் ஃபெவிக்விக்கை மெல்லிய பூச்சாகத் தடவி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு மாட்டுங்கள். உருண்டை மயிரிழை பருத்துப் பிடிமானம் கிடைக்கும். காயாமல் மாட்டினால் நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும்.

இனி அண்ணனின் ஜி.ஐ. ஜோக்கள். இவற்றைக் குப்பையென்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 'ஆக்‌ஷன் ஃபிகர்' என்ற சொல்லே 1964இல் ஹாஸ்ப்ரோ நிறுவனம் ஜி.ஐ. ஜோவை 12 அங்குலப் பொம்மையாக வெளியிட்டபோது பிறந்தது. பையன்கள் 'பொம்மை' என்றால் வாங்க மாட்டார்கள் என்பதற்காக வைத்த பெயர். 1982இல் அது 3.75 அங்குலத்துக்குச் சுருங்கியது. இந்தியாவில் அதைத் தயாரித்தது ஃபன்ஸ்கூல். 1987இல் எம்ஆர்எஃப்பும் ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம், ராணிப்பேட்டையிலும் கோவாவிலும் ஆலைகள். 90களில் நம் ஊர்க் கடைகளில் தொங்கிய ஜோக்கள் அமெரிக்க அச்சில் வார்த்தவை, ஆனால் பல நேரம் வேறு நிறம். இதைப் பார்த்துப் 'போலி' என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. அது தவறு. உரிமம் பெற்ற இந்தியப் பதிப்பு அது; நிறம் மாறியிருப்பதாலேயே வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள். ஃபிகர் பொதிந்து வந்த அட்டை கிடைத்தால், கிழிந்திருந்தாலும், பத்திரமாக வையுங்கள்.

இடுப்பு கழன்றதற்குக் காரணம் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம். காலைப் பிடித்திருக்கும் உலோகக் கொக்கியில் மாட்டி, இடுப்புத் துண்டின் வழியாக ஏறி, நெஞ்சுக்குள் இருக்கும் திருகுத் தண்டில் சுற்றிக்கொண்டிருக்கும். 30 வருடத்தில் ரப்பர் காய்ந்து அறுந்துவிட்டது. முதுகில் உள்ள ஒரே திருகை, தலைக்குப் பொருத்தமான நட்சத்திர ஸ்க்ரூடிரைவரால் எடுங்கள். அளவு பொருந்தாமல் திருகினால் தலை தேய்ந்து பிறகு வெளியே வரவே வராது. நெஞ்சு இரண்டாகத் திறக்கும். கைகளும் தலையும் எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மாற்று வளையத்துக்குப் பொம்மைக்கடை வேண்டாம், மோட்டார் பம்பு உதிரிபாகம் விற்கும் கடையில் 'ஓ ரிங்' என்று கேட்டால் போதும். உள்விட்டம் சுமார் 12 மில்லிமீட்டர், கனம் 2 மில்லிமீட்டருக்குள். ஒரு ஃபிகரையும் கையில் கொண்டுபோய், நான்கைந்து அளவு வாங்கிப் பார்ப்பது நல்லது. கனம் கூடினால் நெஞ்சு மூடாது. விட்டம் கூடினால் கால் தொங்கும். மூடும்போது திருகு தொட்டு நின்றதும் நிறுத்துங்கள். கூடக் கால் சுற்று முறுக்கினால் உள்ளே தண்டு பிளக்கும், அதற்கு மருந்து இல்லை. துப்பாக்கியைக் கையில் திணிக்கும்போது இந்தப் பழைய ஜோக்களின் கட்டைவிரல் சட்டென ஒடியும். கையை முதலில் வெந்நீரில் காட்டுங்கள்.

எங்கே வைப்பது என்பதில் எனக்குச் சமரசமே இல்லை. பரண் வேண்டாம், மொட்டை மாடி அறை வேண்டாம், மேற்குச் சுவர் வேண்டாம். மதியம் மூன்று மணிக்கு உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பாருங்கள். சுடுகிற சுவரில் ஷெல்ஃப் மாட்டாதீர்கள். வீட்டின் நடுவில் உள்ள உள்சுவர், இடுப்பு உயரத்திலிருந்து கண் உயரம் வரை, இதுதான் இடம். ஏசி கட்டாயமில்லை; சூடு ஏறி இறங்கும் வீச்சு குறைவாக இருந்தால் போதும். ஜன்னல் கண்ணாடி புற ஊதாக் கதிரை முழுதாகத் தடுக்காது, அதனால் ஸ்டார் வார்ஸின் வெள்ளைப் படைவீரர்கள் ஜன்னலோரத்தில் மஞ்சளாவார்கள்.

அலுமினிய செக்‌ஷனில் கண்ணாடி ஷோகேஸ் செய்யும் பட்டறைகள் மதுரையில் எங்கும் உண்டு. ஆழம் 30 சென்டிமீட்டர், தட்டுகளுக்கு 5 மில்லிமீட்டர் கண்ணாடி. 6 அங்குல ஃபிகருக்குத் தட்டுக்குத் தட்டு 22 முதல் 25 சென்டிமீட்டர் போதும். 12 அங்குலத்துக்கு 38 வேண்டும். கதவை ரப்பர் பட்டை வைத்து முழுக்க அடைக்கச் சொல்லாதீர்கள். தூசு வரத்தான் செய்யும், ஆனால் பிளாஸ்டிக் விடும் ஆவி வெளியேற 2, 3 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். வாரம் ஒருமுறை கதவைத் திறந்து வையுங்கள். ப்ளைவுட் அலமாரி என்றால் வார்னிஷ் வாடை முழுதும் போகும் வரை சில வாரம் காலியாகவே இருக்கட்டும். விளக்கு எல்இடி பட்டை. அதன் அடாப்டர் சுடும், அதை ஷோகேஸுக்கு வெளியே வைக்கவும். உள்ளே கொலுப்படி மாதிரி 5 சென்டிமீட்டர் உயரத்தில் மூன்று படி போட்டால் பின்வரிசை மறையாது. போர்டு எழுதும் கடைகளில் 3 மில்லிமீட்டர் அக்ரிலிக் ஷீட்டை அளவு சொல்லி வெட்டி வாங்கலாம்.

கோடையில் கணுக்கால் மெல்லத் தளர்ந்து ஒரு ஃபிகர் சாயும், அது பக்கத்தில் இருப்பதைத் தள்ளும், ஒரு வரிசையே விழும். ஒற்றைக்காலில் பாயும் போஸ் எல்லாம் ஸ்டாண்டோடு மட்டும். சாதாரணமாக நிற்க வைப்பதானால் கால்களைச் சற்று அகட்டி, எடை இரண்டிலும் சமமாக விழும்படி வையுங்கள்.

எடுத்து வைக்கத்தான் வேண்டும் என்றால்: துவைத்து நன்றாகக் காய்ந்த பழைய வெள்ளை வேட்டித் துணியில் தனித்தனியே சுற்றுங்கள். செய்தித்தாள் கூடாது. பபிள் ரேப் நேரடியாகப் பட்டால் பெயின்ட்டில் வட்ட வட்டமாகத் தடம் விழும். ரப்பர் பேண்ட் உருகி ஒட்டும். அந்துருண்டை வேண்டவே வேண்டாம். அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக வைக்கும், வாடையும் போகாது. பூச்சிக்குப் பயந்தால் பெட்டியைத் தரையிலும் சுவரிலும் படாமல் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பெட்டிக்கு இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம், அதுவும் அட்டையைக் காப்பதற்காகத்தான். துப்பாக்கி, மாற்றுக் கை போன்ற சின்னச் சாமான்களை ஃபிகரின் பெயர் எழுதிய ஜிப் கவரில் போட்டு, ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள். துணைச் சாமான் தொலைந்தால் விலையில் பெரும்பகுதி போய்விடும். பட்டன் பேட்டரி எல்லாவற்றையும் இன்றைக்கே கழற்றுங்கள். ஒழுகினால் உள்ளே செம்புத் தகடு பச்சையாக அரித்துவிடும்.

இனி வாங்குவதற்கு. ஸ்கேலை, அதாவது நிஜ உருவத்தில் எத்தனையில் ஒரு பங்கு என்பதை, முதலில் முடிவு செய்யுங்கள். 180 சென்டிமீட்டர் உயர மனிதர் 1:18இல் 10 சென்டிமீட்டர், 1:12இல் 15, 1:10இல் 18, 1:6இல் 30 சென்டிமீட்டர். 3.75 அங்குலம் என்பது கென்னர் நிறுவனம் 1978இல் முதல் 12 ஸ்டார் வார்ஸ் ஃபிகரைக் கொண்டுவந்து நிலைநிறுத்திய அளவு. விண்கலத்துக்குள் உட்கார வைக்க வேண்டுமே, அதற்காகத்தான் இவ்வளவு சின்னது. கழுத்து, இரு தோள், இரு தொடை என்று ஐந்தே ஜாயின்ட். இன்றைக்கு ஹாஸ்ப்ரோவின் மார்வெல் லெஜன்ட்ஸும், 2013இல் தொடங்கிய ஸ்டார் வார்ஸ் பிளாக் சீரிஸும் 6 அங்குலம். நெகா நிறுவனத்தின் ஏலியன், பிரிடேட்டரும் மெக்ஃபார்லேன் நிறுவனத்தின் டிசி வரிசையும் 7 அங்குலம். ஒரே தட்டில் 6ஐயும் 7ஐயும் கலந்தால் கண்ணை உறுத்தும். மதுரை வீட்டில் ஏசி இல்லாமல் வளர்க்க 1:12தான் என் பரிந்துரை. ஹாட் டாய்ஸ் நிறுவனத்தின் 1:6 ஃபிகர் பார்க்க அற்புதம், ஆனால் அதன் செயற்கைத் தோல் ஜாக்கெட்டுகள் பாலியூரித்தேன் பூச்சு. சூட்டிலும் ஈரக்காற்றிலும் சில வருடத்தில் செதில் செதிலாக உரியும். உரிந்ததை ஒட்ட முடியாது. மடக்கி வைத்த ரப்பர் கை மடிப்பில் விரிசல் விடும். அவ்வளவு பணம் போடுமுன் நிரந்தரமாகக் குளிர்ந்த அறை ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள்.

விலை இவ்வளவு ஏன் என்று கேட்பவர்களுக்கு: பொம்மை இறக்குமதி வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60க்கும், 2023இல் 70க்கும் ஏறியது. 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரையும் கட்டாயம். வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைக்கும் பார்சல் சுங்கத்தில் நிற்கலாம். எனவே கையிருப்பில் உள்ளதை இந்திய விற்பனையாளரிடம் வாங்குவதே நிம்மதி.

டூப்ளிகேட்டைக் கண்டுபிடிக்க உள்ளங்காலையும் முதுகையும் பாருங்கள்: உரிம நிறுவனத்தின் பெயரும் ஆண்டும் பொறித்திருக்க வேண்டும். கண்மணி கோணலாக இருந்தாலும், இரண்டு நிறம் சேரும் கோட்டில் ஒன்று மற்றொன்றின் மேல் வழிந்திருந்தாலும், பிரித்ததும் மண்ணெண்ணெய் போல வாடை வந்தாலும் சந்தேகப்படுங்கள். பழையதில் ஏமாற்று வேறு மாதிரி. ஸ்டார் வார்ஸில் வரும் ஜாவா என்ற குள்ள உருவத்தின் 1978 ஃபிகரின் பிளாஸ்டிக் அங்கி சீக்கிரமே துணிக்கு மாறியது, அதனால் பிளாஸ்டிக் அங்கி அரிது. அதே வரிசையின் பென் கெனோபி ஃபிகரின் அங்கியை வெட்டிச் சின்னதாக்கி அதற்குப் போட்டு விற்கிறார்கள். பொருட்காட்சிக் கடைகளில் 200 ரூபாய்க்குக் கிடைப்பதைச் சேகரிப்புக்கு வாங்காதீர்கள், ஆனால் பெயின்ட் பழக அதைவிட நல்ல பொருள் இல்லை.

அதோடு ஒன்று சொல்லியாக வேண்டும். தமிழ் காமிக்ஸ் படித்து வளர்ந்த பலருக்கு உண்மையில் வேண்டிய ஃபிகர் கடையில் இல்லை. சிவகாசி முத்து காமிக்ஸ் 1972இல் இரும்புக்கை மாயாவியோடுதான் தொடங்கியது. அந்த மாயாவியை நாமே செய்யலாம். கோட் சூட் போட்ட 6 அங்குல ஃபிகர் ஒன்று எடுங்கள். வலது மணிக்கட்டு பெரும்பாலும் கழன்று வரும், வெந்நீரில் காட்டி இழுங்கள். கையின் மேல் எம்-சீலைச் சம அளவில் பிசைந்து மெல்லிய தகடாகப் போர்த்தி, இறுகுமுன் ஈர ஊசியால் விரல் கணுக்களைக் கோடிடுங்கள். மறுநாள் 400, பிறகு 800 நம்பர் உப்புத்தாள். முதலில் கறுப்பு அக்ரிலிக், அது காய்ந்தபின் வெள்ளியை மெல்லிய பூச்சாக மூன்று தடவை. கறுப்பு அடியில் இருந்தால்தான் இரும்பு போலத் தெரியும். ஹார்டுவேர் கடை எனாமலும் ஸ்பிரேயும் மென்மையான பிவிசி மேல் மாதக்கணக்கில் காயாமல் ஒட்டிக்கொண்டே இருக்கும். மேல்பூச்சும் தண்ணீரில் கரையும் மேட் வார்னிஷாகவே இருக்கட்டும். மணிக்கட்டு உரசும் இடத்தில் மட்டும் பெயின்ட் வேண்டாம், முதல் திருப்பலிலேயே உரிந்துவிடும்.